மானியத்துக்கு ஒரு சுவர்

வெயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் சுந்தரவல்லிக்குச் சிரிப்புதான் வரும். "மெட்ராசுல சூரியன் வேற எங்கயும் போவலட்டி. நம்ம அடுப்படிக்கு மேலயே பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டுக் கெடக்கு" என்பாள்.

புஷ்பத்துக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. தியாகராய நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டின் முன்பாதிக்குத்தான் மச்சு. சமையலறையும், அதை ஒட்டி அவளும் கணவனும் குழந்தையும் படுக்கிற அறையும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் கீழ் இருந்தன. பங்குனி பிறந்துவிட்டால் உச்சிப்பொழுதில் அங்கே நிற்க முடியாது. குழந்தை ஜவஹருக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. மின்வெட்டுக் காலம் வேறு. மின்விசிறி இருந்தும் பாதி நேரம் சுற்றாது. சாயங்காலமானால் அவளும் மூத்த ஓர்ப்படி சுந்தரவல்லியும் கிணற்றில் நீர் இறைத்துத் தகட்டின் மேல் வீசுவார்கள். எத்தனை வாளி வீசினாலும் கூரை உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பழையபடி காயும்.

கனகராஜும் வெள்ளைத்துரையும் ஏரல் பக்கத்திலிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்த அண்ணன் தம்பி. மூத்தவர் கனகராஜின் மனைவி சுந்தரவல்லி. அவர்களுக்குக் குழந்தை இல்லை. இளையவன் வெள்ளைத்துரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது புஷ்பத்துக்கு அரிசி களையக்கூடச் சரியாகத் தெரியாது. சுந்தரவல்லி அதை வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் ஒருத்தி அரைக்க, ஒருத்தி தாளிக்க, இன்னது இன்னார் செய்வது என்று பேசி வைத்துக்கொள்ளாமலே சமையல் முடிந்துவிடும் என்று ஆயிற்று. ஆண்கள் கடைக்குப் போன பின் இருவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மீன்குழம்பு வைத்த நாளில் சட்டியிலேயே சோற்றைப் போட்டு வழித்துப் பிசைந்து, சுந்தரவல்லி உருட்டி உருட்டிப் புஷ்பத்தின் கையில் வைப்பாள். பிறந்த வீட்டை நினைத்து அழாமல் புஷ்பம் அந்த ஊரில் காலூன்றியது அந்த உருண்டைகளால்தான்.

எழுபத்து நாலாம் வருஷக் கோடையில் வெள்ளைத்துரை ஒரு செய்தியோடு வந்தான். அவர்கள் உறுப்பினராக இருந்த வியாபாரிகள் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம், அடையாற்றில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் ஒரு திட்டத்தை அறிவித்திருந்தது. மின்சாரமும் மண்ணெண்ணெயும் விறகும் கிராக்கியாகிவிட்ட காலம். அவற்றைக் குறைவாகச் செலவழிக்கிற மாதிரி வீட்டைத் திருத்திக் கட்டுகிறவர்களுக்குச் சங்கம் மானியம் தரும். தகட்டை எடுத்துவிட்டுச் சூடு இறங்காத தளம் போட்டு, மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓடு பதிக்க வேண்டும். காற்று ஓட எதிரெதிரே ஜன்னல் வேண்டும். பாதி விறகில் எரிகிற, புகைபோக்கி வைத்த அடுப்பு வேண்டும். செலவில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டாம். மீதி குறைந்த வட்டியில் கடன்.

"ஆனா ஒரு குடும்பத்துக்கு ஒண்ணுதான்" என்றான் வெள்ளைத்துரை. "அதை வச்சு அடுப்படிக்குத் தளம் போடலாம். ரூமு அப்படியேதான் கெடக்கும்."

"அப்ப ரூமுக்குப் போடுங்க, அடுப்படி கெடக்கட்டும்" என்றாள் சுந்தரவல்லி. "பிள்ளை படுக்குத எடம்லா."

"ரெண்டுக்கும் போடலாம் மைனி. நாம ரெண்டு குடும்பம்னு எழுதிக் குடுத்தா ரெண்டு மானியம்."

கனகராஜ் சாப்பிட்ட கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார். "பாகம் பிரிஞ்சாச்சுன்னு ஊர்ல பேசுவானுவல."

"ஊர்க்காரனா வந்து நம்ம கூரைல தண்ணி ஊத்துதான்?" என்றாள் சுந்தரவல்லி. "பேருக்குத்தான. சங்கத்துக்காரன் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் ஒரு நாடகம். நான் பொல்லாத ஓர்ப்படி, இவ அப்பாவி ஓர்ப்படி. என்னட்டி, நடிப்பியா?"

புஷ்பம் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். மகனுக்கு முதுகு ஆறினால் அவளுக்குப் போதும்.

சங்கம் வாய்வார்த்தையை நம்பாது. தனி ரேஷன் கார்டு, தனி அடுப்படி, அதில் எரிகிற தனி அடுப்பு, மூன்றையும் காட்ட வேண்டும். கார்டுக்கு வெள்ளைத்துரை அலைந்து வாங்கிவிட்டான். அடுப்படிக்கு நடுவே சுவர் வைக்கச் சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து கொத்தனார் தங்கவேல் வந்தான்.

"இன்னாமா இது, ஒரே சட்டில துன்றவங்களுக்கு நடுவுல செவுரு?" என்றான்.

"சங்கத்துல கேக்காவப்பா" என்றாள் சுந்தரவல்லி.

"கேட்டா கட்டிட்றதா? நாளிக்குப் பாயை ரெண்டா கிழின்னுவாங்க, கிழிச்சிடுவீங்களா?" சொல்லிக்கொண்டே நூல் பிடித்தான். "சரி, சிமிட்டி வாணாம். சேத்துலயே வச்சுத் தரேன். அந்த ஆளு பாத்துட்டுப் போனதும் ஒரு உதை வுட்டா வுழுந்துடும்."

சுவர் எழுந்தது. இருந்த வாசல் சுந்தரவல்லி பக்கத்தோடு நின்றுபோனதால், புஷ்பம் பக்கத்துக்கு முற்றத்திலிருந்து தனியாக ஒரு வாசல் திறந்தார்கள். புகைபோக்கியோடு புது அடுப்பும் வந்தது. அன்றைக்கே பற்றவைத்துவிடலாம் என்று புஷ்பம் விறகை எடுத்தாள். சுந்தரவல்லி அவள் கையைப் பிடித்தாள்.

"புது அடுப்ப வெறுமன மூட்டக்கூடாதுட்டி. பச்சப்பிள்ள இருக்க வீடு. நாள் பாத்துப் பால் காச்சுவோம்."

"நாடகத்துக்கு என்னத்துக்குக்கா பாலு?"

"நாடகம்னு நமக்குத் தெரியும். அடுப்புக்குத் தெரியுமா?"

அதனால் நாள் பார்த்தார்கள். தனிக்குடித்தனம் போகிற ஓர்ப்படிக்கு மூத்தவள் செய்ய வேண்டிய முறை என்று ஒன்று உண்டு. நிறைமரக்கால் அரிசி, பருப்பு, மஞ்சள், ஒரு புதுப்பானை. சுந்தரவல்லி எதையும் குறைக்கவில்லை. கடைக்குப் போய்த் தட்டித் தட்டிப் பார்த்துத் தானே பித்தளைப் பானை எடுத்து வந்தாள். எப்படியோ சேதி தெரிந்து, அண்ணன் தம்பிக்குச் சித்தி முறையான பேச்சியம்மாள் திருவல்லிக்கேணியிலிருந்து வந்துவிட்டாள். அவள் வாய்க்குப் போனால் ஏரல் வரைக்கும் போகும் என்பதால் மானிய விவரத்தை ஒருவரும் அவளிடம் மூச்சுவிடவில்லை. பால் கிழக்கே பொங்கி வழிந்தது. "தனியா வச்ச ஒலை தழைச்சுப் பெருகட்டும்" என்று பேச்சியம்மாள் வாழ்த்தினாள். எல்லோருக்கும் முன்னால் குலவை போட்டது சுந்தரவல்லிதான். பிறகு அவள் தன் பக்கத்துக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. குழம்பு கூட்டுகிறாள் போல என்று புஷ்பம் நினைத்துக்கொண்டாள்.

சங்கத்திலிருந்து பார்வையிட வரப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று சுந்தரவல்லி அவளைத் தயார் செய்தாள். "எதுக்குப் பிரிஞ்சியன்னு கேப்பாவ. என்னையக் கொறை சொல்லு. மாமியா இல்லாத வீட்டுல ஓர்ப்படியத்தான் சொல்லணும், அப்பத்தான் நம்புவாவ. பாவம் பாக்காம சொல்லு."

வந்தவர் பெயர் சர்தார். வயதானவர், மரியாதைக்காரர். சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு வீட்டை அளந்தார், இரண்டு கார்டையும் பார்த்தார், அடுப்பில் சாம்பல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். புஷ்பம் பக்கத்து வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நேத்து வரைக்கும் ஒரே கார்டு. மானியம்னு சொன்னதும் ரெண்டாயிடுச்சு. மயிலாப்பூர்ல ஒரு வீட்ல இப்பிடித்தான் சொல்லி என்னை முட்டாளாக்கினாங்க. நிஜமா ஏன் பிரிஞ்சீங்க?"

சண்டை என்று சொல்லத்தான் புஷ்பம் வாயெடுத்தாள். என்ன சண்டை என்று அவர் கேட்பாரே என்று தோன்றியது. "எம் பிள்ளைக்கு அவிய அளந்துதான் போடுதாவ" என்றாள். அவர் முகம் இன்னும் நம்பவில்லை. உடனே அடுத்த வார்த்தையும் வந்தது. "பிள்ள பசி பெத்தவளுக்குத்தான் தெரியும். பெறாதவளுக்கு என்ன தெரியும்?"

சர்தார் தரையைப் பார்த்தார். "போதும்மா" என்றார். டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது. கொஞ்சம் பொறுத்துச் சுந்தரவல்லி ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி முற்றத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "நல்லாத்தாம்ட்டி சொன்ன. நானே நம்பிட்டேன்" என்று சிரித்தாள். புஷ்பமும் சிரித்தாள்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று புஷ்பத்துக்கு அன்றைக்கும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. அதற்கு முன் அப்படி ஒரு நினைப்பு அவள் மனதில் ஓடியதே இல்லை. குறை சொல்லச் சொன்னார்கள். கைக்கு எட்டிய குறையை எடுத்தாள்.

மானியம் இரண்டும் வந்தன. தகட்டை இறக்கிவிட்டுத் தளம் போட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுக் கெட்டித்து, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். அடுத்த கோடையில் பகலில்கூட அந்த அறையில் நிம்மதியாகப் படுக்க முடிந்தது. ஜவஹரின் முதுகு மாசில்லாமல் ஆறியது. தெருவில் இருந்தவர்கள் வந்து தலையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு அஃப்சருன்னிசா மத்தியானம் பூத்தையலை எடுத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார ஆரம்பித்தாள். சங்கம் மட்டும் ஒரு வருஷம் கழித்து மறுபடியும் வந்து பார்க்கும் என்று சொல்லியிருந்தது. அதுவரை சுவர் நிற்க வேண்டும்.

ஆரம்பத்தில் தனித்தனியாகச் சமைத்துச் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஜவஹர் தவழ்ந்து பெரியம்மாவிடம் போவான். முன்னெல்லாம் அவன் வாயைத் திறந்தால் கையில் இருப்பதை ஊட்டிவிடுகிறவள், இப்போது கிண்ணம் நிறையச் சோற்றைப் பிசைந்து, பிள்ளையோடு சேர்த்துப் புஷ்பத்திடம் கொண்டுவந்து கொடுத்தாள். "நீயே ஊட்டு. அவனுக்கு எம்புட்டு வேணும்னு உனக்குத்தான் தெரியும்" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. புஷ்பம் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தரும்போது வெறுமையாகத் தரக் கூச்சமாக இருந்தது. இரண்டு அதிரசம் வைத்துக் கொடுத்தாள். மறுநாள் அந்தப் பக்கத்திலிருந்து அவியல் வந்தது. இவள் முறுக்கு வைத்துக் கொடுத்தாள். ஒரே வீட்டுக்குள் யாரும் கிண்ணத்தைத் திருப்பித் தருவதில்லை. அது எங்கே கிடந்தாலும் வீட்டுக் கிண்ணம்தான். பண்டம் வைத்துத் திருப்பித் தருவது அக்கம்பக்கத்து வழக்கம், எதிர்வீட்டு அஃப்சருன்னிசாவோடு இருப்பது. இது எப்போது தங்களுக்குள் வந்தது என்று புஷ்பம் யோசித்துப் பார்த்தாள். நாளைக்கு வெறும் கிண்ணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைப்பாள். மறுநாள் அது மரியாதைக் குறைவாகத் தோன்றும்.

வருஷம் முடிந்து சர்தார் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. அடுப்புகளைப் பார்த்தார், தளத்தின் அடியில் கை வைத்துப் பார்த்தார், திருப்தியாகப் போய்விட்டார். நாடகம் அன்றோடு முடிந்தது. புஷ்பம் சாயங்காலம் கணவனிடம் சுவரைப் பற்றிச் சொன்னாள்.

"மெதுவா இடிச்சுக்கலாம்" என்றான் வெள்ளைத்துரை. "கடன் ரெண்டு பேர்ல இருக்கு. கடைக் கணக்கும் ரெண்டா எழுதிப் பழகிட்டு. இப்ப என்ன, வசதியாத்தான இருக்கு?"

அவனுக்குச் சுவர் என்பது செங்கல். அக்கா ஒரு வார்த்தை சொல்லட்டும், மூத்தவள் சொல்வதுதான் முறை என்று புஷ்பம் காத்திருந்தாள்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கத் தங்கவேல் வந்தான். முன்கட்டை முடித்துவிட்டு, சுண்ணாம்பு மட்டையோடு புஷ்பத்தின் வாசலில் வந்து நின்றான்.

"இன்னாமா, செவுரு அப்பிடியே கீது? இதுக்கும் அடிக்கறதா, இடிக்கறதா?"

"அக்கா என்ன சொன்னாவ?"

"கேட்டேனே. உங்கள கேக்க சொன்னாங்க. அவ சொன்னா இடின்றாங்க."

அவளிடம் கேட்டுவிட்டுச் செய் என்று அக்கா சொன்னது, வேண்டாம் என்பதை நாசூக்காகச் சொன்னதாகப் புஷ்பத்துக்குப் பட்டது. அன்றைக்கு அப்படி ஒரு சொல்லைச் சொன்ன நானே போய்ச் சுவரை இடி என்று எப்படிச் சொல்வது என்றும் இருந்தது. "அக்கா சரின்னா எனக்கும் சரிதான்னு சொல்லு" என்றாள்.

தங்கவேல் போனான். திரும்பி வந்தான். "அவங்களுக்கு உங்க இஸ்டம்தானாம்."

"எனக்கு அவிய இஷ்டம்தான்."

"இன்னா மா, நா இன்னா பந்தா? இந்தாண்ட ஒரு உதை, அந்தாண்ட ஒரு உதை." மட்டையைச் சுண்ணாம்பு வாளிக்குள் போட்டான். "ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு சொல்லுங்க, ஒரு நிமிசத்துல தள்ளிட்றேன். இப்பைக்கு அடிச்சிட்டுப் போறேன்."

சுவரின் இரண்டு பக்கமும் வெள்ளையடித்துவிட்டுப் போனான். முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போனால் பத்து அடி. புஷ்பம் இரண்டு தடவை எழுந்தாள். ஒரு தடவை ஜவஹர் அழுதான், ஒரு தடவை பால் பொங்கியது. அக்காவும் அந்தப் பக்கம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாளோ என்னவோ, அதைக் கேட்கிற காலம் போய்விட்டது.

எழுபத்தேழில் மழைக்காலத்துக்கு முன்னால் சுந்தரவல்லிக்கு மஞ்சள் காமாலை கண்டது. முதலில் கீழாநெல்லி, பிறகு பெரியாஸ்பத்திரி. அங்கே கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வீட்டில் குளுமையான இடம் புஷ்பத்தின் அறைதான் என்று அங்கே கட்டில் போட்டார்கள். கஞ்சி வைத்துக் கரண்டியால் ஊட்டியது புஷ்பம்தான். பாதி உள்ளே போகும், பாதி கடைவாயில் வழியும். ஒரு மத்தியானம் வேறு யாரும் இல்லாதபோது மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அக்கா, அன்னைக்கு அந்தச் சங்கத்து ஆள்ட்ட நான் ஒண்ணு சொன்னேம்லா..."

"எந்த ஆளு?"

"சர்தார் பாயி. சைக்கிள்ல வந்தாரே."

சுந்தரவல்லி மஞ்சள் படர்ந்த கண்ணால் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். "தளம் நல்லாப் போட்டிருக்கான். ரெண்டு மழை பாத்தாச்சு, ஒரு சொட்டு எறங்கல" என்றாள்.

மறந்துவிட்டாளா, மறக்கவில்லை என்று காட்டிக்கொள்ளாமல் இருக்கிறாளா என்று புஷ்பத்துக்குத் தெரியவில்லை. "செவத்தை இடிச்சிருவோம்க்கா" என்றாள் சட்டென்று.

"இடிச்சிருவோம்" என்றாள் சுந்தரவல்லி. யோசிக்கவே இல்லை. "இப்ப வேண்டாம்ட்டி, தூசி பறக்கும். நான் எந்திரிச்சுக்கிடுதேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. ஐப்பசியில் ஒரு விடியற்காலை, கனகராஜ் அவள் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, போய்விட்டாள்.

எடுத்துக்கொண்டு போய்த் திரும்புவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. ஊரிலிருந்து வந்தவர்களும் தெருக்காரர்களும் முன்கட்டில் நிறைந்திருந்தார்கள். காலையிலிருந்து ஒருவரும் வாயில் எதுவும் போடவில்லை. பேச்சியம்மாள்தான் முன்னின்று எல்லாம் நடத்தினாள். புஷ்பத்தைக் கூப்பிட்டாள்.

"எழவு விழுந்த வீட்டுல அடுப்பு எரியக்கூடாது. நீ ஒன் அடுப்புல ஒலைய வையி. நீ தனிக்குடித்தனம்லா, ஒனக்குத் தடை இல்ல."

"இல்லத்த" என்றாள் புஷ்பம். "நாங்க ஒண்ணுதான். எங்க அடுப்பும் எரியக்கூடாது."

"எது ஒண்ணு? மூணு வருசமா ஒனக்கு ஒரு ஒலை, அவளுக்கு ஒரு ஒலை."

"அது மானியத்துக்காக..."

"என்ன மானியம்?" என்றாள் பேச்சியம்மாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று தளத்தையும் தட்டோட்டையும் சர்தாரையும் எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று புஷ்பத்துக்குப் புரியவில்லை. சொன்னாலும், அந்த மூன்று வருஷமும் தனித்தனியாக உலை வைத்தது பொய்யாகிவிடுமா?

தூணில் சாய்ந்திருந்த கனகராஜ் கண்ணைத் திறந்தார். "வையிம்மா புஷ்பம். வந்தவிய பட்டினியாக் கெடக்காவ. பிள்ள வேற பசிக்குன்னு அழுதான்" என்றார்.

அவர் சொன்ன பிறகு மறுக்க முடியவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். பானையை எடுத்தபோதுதான் தெரிந்தது, தன் பக்கத்தில் இருப்பதெல்லாம் மூன்று பேருக்குச் சமைக்கிற ஏனங்கள். விசேஷத்துக்கு எடுக்கிற பெரிய அண்டா அந்தப் பக்கம் இருந்தது. முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். அக்காவின் அடுப்படியில் விளக்கைப் போட்டாள்.

தான் விட்டுவந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அண்டா இருந்த மூலையில் விறகு அடுக்கியிருந்தது. பருப்புப் பானைகள் இருந்த பலகையில் மருந்துப் புட்டிகள். அலமாரியைத் திறந்தாள், தெரியாத டப்பாக்கள். ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்து மூடினாள். பரணில் ஏறிப் பார்த்தாள். கிண்ணத்தைக் கொடுத்து வாங்க வாசல் வரைக்கும் எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். உள்ளே கால் வைத்து எத்தனை நாளாயிற்று என்று நினைவில்லை.

வெளியே வந்து, கேட்கக்கூடாத நேரத்தில் கேட்டாள். "பெரியத்தான், அண்டா எங்க இருக்கு?"

கனகராஜ் அவளையே பார்த்தார். "எனக்கெப்படித் தெரியும்மா? நீதான அவகூட அங்க நின்ன" என்றார். குற்றம் சொல்லவில்லை. இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பேச்சை வாசலில் இருந்து கேட்ட அஃப்சருன்னிசா எதிர்வீட்டுக்குப் போய், இரண்டு கையாலும் இடுப்போடு அணைத்துக்கொண்டு தாங்கள் பிரியாணி ஆக்குகிற பெரிய தேக்சாவைத் தூக்கி வந்தாள். கடை நிறையப் பாத்திரம் வைத்திருந்தவர்கள் வீட்டில் அன்று இரவல் பாத்திரத்தில்தான் சோறு வெந்தது. வந்தவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். தனிக்குடித்தனக்காரி ஓர்ப்படிக்குக் குறைவில்லாமல் செய்தாள் என்று பேச்சியம்மாள் நாலு பேரிடம் சொன்னாள்.